கைகாட்டி பேனரை இறக்கியவன்

கதிர் அறுக்கும் பெல்ட் மெஷின் மூன்று, இரண்டு டிராக்டர், ஒரு நடவு மெஷின், பதினோரு ஏக்கர் சொந்த நிலம், மாடி வீடு, வாய்க்காலுக்கு மேல் லாரி போகிற அகலத்தில் ஒரு பாலம். இவ்வளவும் நான் உண்டாக்கியது. நாலாம் வகுப்போடு நின்றவன் உண்டாக்கியது. என் அப்பா இன்னொருவர் பண்ணையில் ஆளாக இருந்தவர். அவர் உழுத நிலத்தில் இரண்டு ஏக்கரை அதே வீட்டாரிடம் நான் கிரயம் வாங்கினேன். பாலத்துக்கு அனுமதி தரமாட்டார்கள் என்றார்கள். ஏழு தடவை திருவாரூருக்கு நடந்து வாங்கினேன். கதிர் அறுக்கும் மெஷின் எங்கள் ஊர்ச் சேற்றில் இறங்கினால் ஏறாது என்று பெரிய விவசாயிகளே கைகட்டி வரப்பில் நின்றார்கள். முதலில் இறக்கி ஏற்றியவன் நான். அப்புறம் எல்லோரும் என் தடத்திலேயே வந்தார்கள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன், அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் என் மகள் விஷயத்தில் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. மேலே சொன்ன எதற்கும் அது இளைத்ததல்ல. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்த நோட்டை வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். உட்காருவது எனக்குப் பெரிய பாடு. இதுவரை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்துவிட்டேன்.

மகன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மகள் கடைசி. எனக்கு நாற்பத்தைந்து வயதில் பிறந்தவள். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். வெளி மாவட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேதி வந்த அன்றே மன்னார்குடி போய் ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். 'வருங்கால டாக்டர்' என்று போடச் சொன்னேன். "கால்நடைன்னு சேக்கணுமா ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார். இடம் போதாது, வேண்டாம் என்றேன். எங்கள் ஊருக்குச் சாலை பிரிகிற இடத்துக்குக் கைகாட்டி என்று பெயர். பஸ் நிற்பது அங்கேதான், டீக்கடையும் அங்கேதான். அங்கே கட்டினேன். வெயிலில் முகம் வெளுத்துப் போனால் புதிதாக அடித்து மாற்றுவேன்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குப் பேனர், கல்யாணத்துக்குப் பேனர், செத்தால் கண்ணீர் அஞ்சலிப் பேனர். ஒருவருக்காக நாம் நிற்கிறோம் என்பதைப் பேனரில்தான் காட்டுவோம். வேறு வழி எங்களுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். போன தீபாவளிக்குக் காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, பக்கத்துத் தெருக்காரர் மாட்டோடு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, கன்னு போட்டு நாலு நாளாச்சு. நஞ்சுக்கொடி விழல. கொஞ்சம் பாரேன்."

"மாமா, நான் எலும்பு பேருதான் படிச்சிருக்கேன். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போங்க."

"ரெண்டு வருசமா எலும்பேதான் படிக்கிறியா?" என்று அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். "தொட்டாவது பாரும்மா. கைராசி எப்புடின்னு தெரியட்டும்" என்றேன். அவள் மாட்டின் முதுகில் கையை வைத்தாள், எடுத்தாள். பிறகு கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்தேன். பொங்கலுக்கு அவள் வரவில்லை. பரீட்சை என்றாள்.

பொங்கல் முடிந்து அறுவடை சூடு பிடித்த நேரம். ஒரு மெஷின் சேற்றில் உட்கார்ந்துவிட்டது, இன்னொரு மெஷினால் அதை இழுத்துக்கொண்டிருந்தோம். அப்போது காலேஜிலிருந்து போன் வந்தது. மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மேடம் பேசினார். பெண்ணின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள் என்றார். மெஷினைச் சேற்றிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். நாற்பது வருஷத் தொழிலில் வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு நான் போனது அன்றுதான்.

மேடத்துக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும். அறையில் நானும் என் மனைவியும் மட்டும். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். "ஐயா, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"உங்க பொண்ணு மூணு வாரமா கிளாஸுக்கு வரல. சரியா சாப்பிடல, தூங்கல. காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு ரூம்ல இருக்கற பொண்ணுகிட்ட சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணு பயந்துபோயி எங்ககிட்ட வந்து சொன்னதால தெரிஞ்சுது."

"யாரு என்ன சொன்னா எம்பொண்ண? பேரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லல ஐயா. போன வருசம் அனாடமி போயிருச்சு. முதல் வருசத்தையே திரும்பப் படிக்குது. வீட்ல சொல்ல முடியலன்னு சொல்லுது."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"



மேடம் அடுத்துக் கேட்டது எனக்கு விளங்கவில்லை. "வீட்ல பூச்சி மருந்து வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு மேடம், நல்ல மருந்துதான். ஏன், உங்களுக்குத் தோட்டம் இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "பொண்ணு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அதுல ஒரு டப்பா கூட வீட்ல இருக்கக் கூடாது."

அதுவரை ஆடிக்கொண்டிருந்த என் கால் அப்போது நின்றது.

அங்கேயே மனநல டாக்டரைப் பார்த்தோம், மாத்திரை எழுதினார். என் மனைவி பத்து நாள் அங்கே அறை எடுத்து மகளோடு தங்குவது, பிறகு இருவரும் பஸ்ஸில் ஊருக்கு வருவது, ஒரு மாதம் வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. காரில் வந்து அழைத்துப் போகிறேன் என்றேன். "வேணாம்பா, பஸ்லயே வரேன்" என்றாள் மகள். அவ்வளவுதான் பேசினாள். என் மகள் சத்தமாகப் பேசுகிறவள். நான் கிளம்பும்போது மேடம் வாசல்வரை வந்தார். "தைரியமா இருக்கச் சொல்லுங்க. நீங்க அவ பக்கம் இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியணும், அது போதும்" என்றார்.

ஊருக்கு வந்ததும் பிரிக்காத மருந்து டப்பாக்களை உரக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். பிரித்ததை வயல்காட்டு மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். பூட்டியதா என்று பார்க்க அன்றைக்கே நாலு முறை போனேன். மெஷின் ஓட்டுகிற டிரைவர், "மொதலாளி, கொட்டாயில பொதயலா இருக்கு?" என்று கேட்டான். அறுவடையில் மனம் நிற்கவில்லை. வீட்டில் இருந்தால் வயலுக்குப் போகத் தோன்றும், வயலில் நின்றால் வீட்டுக்கு ஓடத் தோன்றும். பத்து நாளும் இப்படி. பூட்டு வேலை சின்ன வேலை. அவள் பக்கம் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவேண்டுமே, அதற்கு என்ன செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

மன்னார்குடிக்குப் போனேன். பழையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக அடிக்கச் சொன்னேன். வாசகம் நானே யோசித்தது. 'மனம் தளராதே மகளே! அப்பா உன் பக்கம்! வருங்கால டாக்டருக்கு வாழ்த்துகள்!' இடது பக்கம் அவள் படம், வலது பக்கம் நான், வெள்ளைச் சட்டையில், கைகூப்பி. அவள் வருகிற அன்று காலையில் பழையதை அவிழ்த்துவிட்டுக் கைகாட்டியில் கட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படுகிற மாதிரி, டீக்கடைக்கு எதிர்ப்பக்கம்.

டீக்கடைக்காரர் படித்துப் பார்த்தார். "எதுக்குண்ணே மனம் தளராதேன்னு போட்டிருக்கு? பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஊக்கம்தான்."

"நாங்க டீ குடிக்கிறோம், எங்களுக்கு யாரும் ஊக்கம் குடுக்கல" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முத்துப்பேட்டை பஸ் வந்து நின்றது. நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். மகள் முன்னால், பையோடு மனைவி பின்னால். மகள் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தாள். நிமிர்ந்தாள். அந்த எழுத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு காலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர், "எறங்கலியாம்மா?" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளும் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.



மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வழியெல்லாம் ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் நெல்மேல் ஏற்றிவிட்டேன். "கண்ணு எங்க வெச்சுக்கிட்டு ஓட்டுறீங்க?" என்று ஓர் அம்மா துடைப்பத்தை ஓங்கினார். பஸ்ஸின் பின் கண்ணாடியில் என் மகளின் தலை தெரிந்தது, ஒரு தடவையும் திரும்பவில்லை. இந்தப் பிள்ளை வீட்டுக்கு வராமல் போய்விடுமோ என்ற எண்ணம் வந்தது. வராமல் என்றால் இனி எங்கேயுமே வராமல். அப்படி ஒரு பயத்தை, பாம்பு கிடக்கிற வயலில் இருட்டில் மடை திறந்தபோதுகூட நான் பட்டதில்லை.

முத்துப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் கண்ணு எறங்கல?"

"இனிமே ஊர்ல யாருகிட்டப்பா நான் மறைக்கணும்?" என்றாள். அழவில்லை. "தளராதேன்னு போட்டா, தளந்துட்டான்னுதானே படிப்பாங்க. அதுக்கும் கீழ டாக்டர்னு போட்டிருக்கு. ரெண்டுமே நான் இல்லப்பா."

"உனக்காகத்தானே செஞ்சேன்."

"தெரியும்."

என் மனைவி குறுக்கே பேசினாள். "ஏங்க, பட்டுக்கோட்டையில எந்தங்கச்சி வீட்டுக்குப் போறோம். நீங்க போயி மெஷினப் பாருங்க."

"வீடு இருக்கும்போது எதுக்கு அங்க?"

"அந்த பேனர் அங்க இருக்கற வரைக்கும் இவ கைகாட்டியில எறங்க மாட்டா. எனக்கு இவ வேணும்" என்றாள். என் மனைவி இவ்வளவு நறுக்கென்று பேசி நான் கேட்டதில்லை.

உடனே போய் இறக்கியிருக்க வேண்டும் என்பீர்கள். இறக்கவில்லை. அன்று வைத்ததை அன்றே இறக்கினால் ஊர் என்ன பேசும்? டீக்கடையில், "பாப்பாவுக்கு அவசரமா முத்துப்பேட்டைல வேல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் அப்படியே விட்டேன். வீட்டில் யாரும் இல்லை. சோறு வடித்தேன், சாப்பிடவில்லை. மெஷின் பின்னாலேயே வரப்பு வரப்பாக நடந்தேன். கைகாட்டியைக் கடக்கும்போதெல்லாம் என் படம் என்னைப் பார்த்துக் கும்பிட்டது.

மூன்றாம் நாள் அந்த மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பேனர்ல அவ படம் பெருசா, உங்க படம் பெருசா ஐயா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"ஒருதரம் போயிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

போய்ப் பார்த்தேன். என் படம்தான் பெரிது. அதை நான் கவனித்ததே இல்லை.

மத்தியானம் டீக்கடையில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து ஏணியோடு போனேன். யாரும் இல்லாதபோது போயிருக்கலாம். அது திருட்டு மாதிரி இருக்கும். டிரைவர் ஏணியைப் பிடித்தான். வானம் மூடிக்கொண்டு நின்றது. நாலு மூலைக் கயிற்றையும் நானே அவிழ்த்தேன். அறுபத்து நாலு வயதில் ஏணி ஏறினேன். இறங்கி, பெஞ்சைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எம்பொண்ணு ஒரு பாடத்துல ஃபெயிலு. இப்பவும் முதல் வருசம்தான். அதுக்கு மனசு சரியில்ல, வைத்தியம் பாக்குறோம், மாத்திர சாப்பிடுது. எப்ப வந்தாலும் அது எம்பொண்ணா வரும், டாக்டரா வராது. மாடு கன்னு யாரும் ஓட்டிட்டு வராதீங்க. கேக்கணும்னா என்னைக் கேளுங்க."

அவளிடம் கேட்காமல் சொன்னது அதிகப்படிதான். அன்று சாயங்காலமே போனில் அவளிடம் ஒப்புக்கொண்டேன். "எல்லாத்தையுமா சொன்னீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி. இனிமே எங்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

பேனரைச் சுருட்டும்போது தூறல் விழுந்தது. டிரைவர் குத்தகை வயலில் அறுத்த நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலாகக் கிடந்தது, மூடத் தார்ப்பாய் இல்லை.

"மொதலாளி, இத எடுத்துக்கவா?"

"எடுத்துக்க. எழுத்து உள்பக்கமா போடு."

ஒரு டீ குடித்துவிட்டுக் காசு கொடுக்கப் போனபோது டீக்கடைக்காரர் என்னைப் பாய்லர் பக்கம் கூப்பிட்டார். "அண்ணே, எம்பையனும் ஆறு மாசமா காலேஜ் போகல. மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டிருக்கோம். அந்த மேடம் வெளிப்பிள்ளைங்களப் பாப்பாங்களா?" நம்பரை அங்கேயே கொடுத்தேன். மேடம் அவனைத் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

மறுநாள் மகள் கைகாட்டியில் இறங்கினாள். பேனர் கட்டியிருந்த கம்பங்களை ஒருமுறை பார்த்தாள். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வா பாப்பா, டீ போடவா?" என்றார். மாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் டீ குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தோடு சரியாகிவிடவில்லை. பாதி நாள் மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். படிப்பு, மார்க்கு, பரீட்சை மூன்றும் பேசக் கூடாது. அறிவுரை கூடாது. நான் எப்படி முன்னுக்கு வந்தேன் என்ற கதையும் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். முதல் நாள் மூன்றாவது நிமிஷத்தில் பாலம் கட்டிய கதையை ஆரம்பித்துவிட்டேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். பாலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். எனக்கு அதுதான் வாழ்க்கையிலேயே கடினமான வேலை. சேற்றில் வண்டி இறக்குவது இதற்கு ஒன்றுமில்லை.

பிறகு அன்றன்றைக்கு வயலில் பார்த்ததை மட்டும் சொல்லப் பழகினேன். எந்த வயலில் மெஷின் நிற்கிறது, தாளடி நெல்லுக்குள் தெளித்த உளுந்து எங்கே முளைத்திருக்கிறது, எங்கே முளைக்கவில்லை. ஒருநாள், அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்றேன்.

"எத்தன வாத்துப்பா?" என்று கேட்டாள். அத்தனை நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"எண்ணல."

"எண்ணிட்டு வந்து சொல்லுங்க."

அடுத்த நாள் எண்ணப் போனேன். ஓர் இடத்தில் நிற்கிற ஜீவனா அது? இருநூறு தாண்டுவதற்குள் அந்தப் பக்கம் ஓடிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து. வாத்துக்காரர், "என்ன ஐயா, வாங்கப் போறீங்களா?" என்றார். "எம்பொண்ணு கணக்கு கேட்டிருக்கா" என்றேன். அதை வீட்டில் சொன்னபோது அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்பு. மனைவி கீழே சமையலை விட்டுவிட்டு மாடிப்படியில் வந்து நின்றாள்.

பங்குனியில் காலேஜுக்குத் திரும்பினாள். இப்போதும் மாத்திரை உண்டு. அனாடமி மறுபடி எழுதப்போகிறாள், பாஸ் ஆவாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்பதுமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நானே போன் போடுகிறேன். ஒரு தடவை எடுக்காவிட்டால் மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன், அவளோ அவள் அறைத்தோழியோ எடுக்கும் வரை. கொட்டகைச் சாவி இன்னும் என் அரைஞாணில்தான் இருக்கிறது.

ஆடியில் காலேஜில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மேடம் மேடையில் பேசினார். பெயர் சொல்லாமல், ஒரு மாணவியை மீட்ட கதை என்று சொன்னார். தயங்காமல் வந்து சொன்ன தோழியைப் பாராட்டினார். கூடவே தங்கிய தாயைப் பாராட்டினார். உதவி கேட்டு வாங்கிக்கொண்ட மாணவியின் தைரியத்தைப் பாராட்டினார். எல்லாம் நியாயம், நானும் கைதட்டினேன். கடைசியில், "குடும்பத்தினரும் ஒத்துழைத்தார்கள்" என்றார். அவ்வளவுதான். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பேனரை இறக்கியது யார் என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. மகள் என் சட்டை நுனியைப் பிடித்தாள். நான் பேசினால் அந்த மாணவி யார் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். உட்கார்ந்துவிட்டேன். அதையும் என் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன், "இத நான் எழுதப் போறேன்."

"எழுதுங்கப்பா. பேர் போடாதீங்க."

"எம்பேருமா?"

"உங்க பேரு போட்டா எம்பேரு தெரியாதா?"

அதனால்தான் இதில் ஒரு பெயரும் இல்லை. பேனரில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுப் பழகியவனுக்கு இது லேசான காரியமில்லை.

உறவுக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். என் மனைவி பொறுமையாக இருந்து பிள்ளையைக் காப்பாற்றினாள் என்கிறார்கள், சரி. அவன் பேனர் வைத்துத்தான் எல்லாம் கெட்டது என்கிறார்கள், அதுவும் சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கயிற்றை அவிழ்த்தபோது என் மனைவி பட்டுக்கோட்டையில் இருந்தாள். மேடம் காலேஜில் இருந்தார். ஏணியில் இருந்தவன் நான். அந்தப் பெஞ்சைப் பார்த்து என் மகள் ஃபெயில் என்று சொன்னவன் நான். வைத்தவன் யார் என்று சொல்கிறவர்கள், இறக்கியவனும் அவன்தான் என்று அடுத்த வரியில் சொல்லட்டும். அடுத்த கூட்டத்தில் மேடமும் சொல்லட்டும். பெயர் வேண்டாம். 'அவள் அப்பா இறக்கினார்' என்று சொன்னால் போதும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடி எழுந்து நிற்பேன்.